பன்னாடையும் 1500 மீட்டர் ஓட்டமும்

(கிணத்துக்கடவில், சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறீங்கன்னு சொன்னாங்க. எழுத்துத் தேர்வுக்குச் சொல்லித்தர உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்காங்க. நான் பேசப்போறது அதுக்கு அடுத்த கட்டமான மைதானத்தைப் பத்தி. ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 விநாடி. இந்த நேரத்துக்குள்ளே ஓடி முடிக்கலைன்னா, எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் அதோட சரி. அதைத் தாண்டினவங்களுக்குத்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், 100 மீட்டர் எல்லாம்.

வழக்கமா என்ன நடக்குதுன்னா, எழுத்துத் தேர்வு முடிவு வர்ற வரைக்கும் புத்தகம்தான். முடிவு வந்ததும் மறுநாள் காலையிலேயே கிரவுண்டுக்குப் போயிடறோம். முதல் வாரம் மூச்சு முட்டும். மூணாவது வாரம் மூச்சு பழகிடும். 'பரவாயில்லையே'ன்னு இன்னும் வேகமா ஓடுவோம். நாலாவது, அஞ்சாவது வாரம் குதிகால் பிடிக்கும், இல்லைன்னா முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமா வலிக்கும். ஒரு வருஷம் படிச்ச படிப்பு அந்தக் குதிகால்ல போய் மாட்டிக்குது. இது சோம்பேறிகளுக்கு வர்ற பிரச்சினை இல்லைங்க. ரொம்ப ஆர்வமா இருக்கிறவங்களுக்குத்தான் வருது.

நான் மருத்துவர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. மருத்துவ ஆய்வுகள் சொல்றதை, நம்ம ஊருக்குப் புரியற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

கறிக்கடையில் கறி வெட்டும்போது சதை மேல வெள்ளையா, வழவழன்னு ஒரு மெல்லிய தோல் இருக்குமே, அதை ஜவ்வுன்னு சொல்வோம். உலகம் பூரா அதுக்கு ஃபேஸியான்னு பேரு. நம்ம உடம்பில் ஒவ்வொரு தசையையும், தசைக்குள்ளே இருக்கிற ஒவ்வொரு நார்க் கட்டையும், எலும்பையும், குடலையும்கூட அது சுத்தி இருக்கு. உள்ளங்கால்ல தடிமனா ஒரு பட்டை, தொடையோட வெளிப்பக்கம் நீளமா ஒரு பட்டை, இடுப்புக்குப் பின்னால அகலமா ஒரு விரிப்பு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடர்ந்து போற ஒரே வலை. குதிகால் நாணும் இதே கொலாஜன் இழையால ஆனதுதான்.

அந்த வலை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கிணத்துக்கடவு சுத்துவட்டாரத்துல தென்னை இல்லாத தோட்டம் எது? மட்டை அடியில மரத்தைச் சுத்தி இருக்கிற பன்னாடையைப் பாருங்க. (திட்டறதுக்கு மட்டும்தான் நாம அதை ஞாபகம் வச்சிருக்கோம்.) இழைகள் குறுக்கும் நெடுக்குமா ஓடி, ஆடற மட்டையைப் பிடிச்சு நிக்குது. இளம் மட்டையோட பன்னாடை வளைஞ்சு கொடுக்கும். காய்ஞ்சது பொடிப்பொடியா உதிரும். ஃபேஸியாவும் ஏறக்குறைய அப்படித்தான். தினமும் பல திசையில் இழுபடுகிற உடம்பில் இழைகள் வரிசையா, சின்னச் சின்ன அலை மாதிரி சுருண்டு, ஸ்பிரிங் தன்மையோட இருக்கும். நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்ந்து படிச்சா இழைகள் தாறுமாறா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். அடுக்குகளுக்கு நடுவில் வழுக்கிக்கொடுக்கிற திரவமும் கெட்டிப்படும்.

இதை ரொம்பக் காலம் மருத்துவ உலகமே கண்டுக்கலைங்க. உடற்கூறு வகுப்பில் தசையைப் பார்க்கணும்னா முதல்ல இதைத்தான் சீவித் தள்ளுவாங்க. ஃபேஸியாவுக்குன்னே முதல் சர்வதேச ஆய்வு மாநாடு நடந்தது 2007-லதான், அமெரிக்காவின் பாஸ்டன்ல.

ஓட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 1987-ல் மெக்நீல் அலெக்சாண்டர் என்கிற விலங்கியலாளரும் அவரோட குழுவும் 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஓடும்போது கால் தரையில் பதியறப்போ குதிகால் நாணும் உள்ளங்கால் வளைவும் ரப்பர் மாதிரி இழுபட்டு ஆற்றலைச் சேமிக்குது. கால் எடுக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்குது. ஒவ்வொரு எட்டிலும் புழங்குகிற ஆற்றலில் குதிகால் நாண் சுமார் 35 சதவீதம், உள்ளங்கால் வளைவு சுமார் 17 சதவீதம் சேமிச்சு வைக்குதுன்னு அவங்க கணக்கிட்டாங்க. பாதி வேலையை ஸ்பிரிங்கே பார்த்துக்குதுன்னு வச்சுக்கோங்க. அந்த ஸ்பிரிங் சரியில்லைன்னா, அதே 7 நிமிஷத்துக்கு உங்க தசையும் நுரையீரலும் கூடுதலா உழைக்கணும்.

இன்னொரு கணக்கும் பாருங்க. ஒரு எட்டுக்கு ஒரு மீட்டர்னு வச்சா, 1500 மீட்டருக்கு 1500 தடவை கால் தரையில் விழுது. ஓட்டத்துல ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல ரெண்டு மடங்கு, சில சமயம் மூணு மடங்கு விசை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120-லிருந்து 180 கிலோ வரைக்கும். சந்தையில் தக்காளி டிப்பர் தூக்கறவங்களுக்குத் தெரியும், முதல் நாளே முழு லோடு இறக்கினா இடுப்பு என்ன ஆகும்னு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மூச்சும் ரத்த ஓட்டமும் சில வாரத்துல பழகிடும். தசைக்கும் ஓரளவு சீக்கிரமே பலம் வரும். ஜவ்வும் நாணும் ரொம்ப மெதுவா மாறும், மாசக் கணக்குல. கடுமையா ஓடி முடிச்ச பிறகு என்ன நடக்குதுன்னு டென்மார்க் ஆய்வாளர்கள் பார்த்திருக்காங்க. பழைய கொலாஜன் சிதையறது, புதுசு உருவாகறது ரெண்டும் கூடுது. ஆனா முதல் 24-லிருந்து 36 மணி நேரம் வரைக்கும் சிதைவுதான் ஜாஸ்தி. அதுக்கு அப்புறம்தான் வரவு செலவை மிஞ்சும். தினமும் காலையில் முழு வேகத்துல ஓடறவங்க, வரவு வர்றதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப செலவு பண்றாங்க. வலி வர்றதுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

அதனால வாரத்துல ரெண்டு நாள், அதிகபட்சம் மூணு நாள் மட்டும் வேக ஓட்டம். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. இடைப்பட்ட நாள்ல நடை, மெதுவான ஓட்டம். ஸ்பிரிங் பயிற்சின்னா ஸ்கிப்பிங் கயிறே போதும். 30 விநாடி குதிச்சு, நின்னு, மறுபடி 30 விநாடி. மொத்தம் 5 நிமிஷத்துக்கு மேல வேண்டாம். கால் விழற சத்தம் கேட்கக் கூடாது, அதுதான் அளவுகோல். தொப்தொப்புனு விழுந்தா ஸ்பிரிங் வேலை செய்யலை, எலும்பு வாங்குதுன்னு அர்த்தம். முதல் மாசம் இதை வாரம் ரெண்டு தடவைக்கு மேல செய்யாதீங்க.

குதிகால் நாணுக்குத் தனியா ஒரு பயிற்சி இருக்கு. படி ஓரத்துல முன்பாதத்தை மட்டும் வச்சு, ரெண்டு காலால மேல எழும்பி, ஒரு காலால மெதுவா குதிகாலைக் கீழே இறக்கணும். 1998-ல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன், நாள்பட்ட குதிகால் நாண் வலியில இருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் இதைக் கொடுத்தார். எல்லோரும் திரும்ப ஓடினாங்க. செலவு ஒரு ரூபாய் இல்லை. பொன்மலை வேலாயுதசாமி கோயில் படி போதும். சாமியும் கும்பிட்ட மாதிரி ஆச்சு.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இப்போ நகரத்துல 'ஃபேஸியாவை உடைச்சு விடறோம், முடிச்சை அவிழ்க்கறோம்'னு ஆயிரக்கணக்குல பணம் வாங்கற இடங்கள் வந்திருக்கு. உள்ளங்கால், வெளித்தொடை மாதிரி தடிமனான ஜவ்வை கையால அழுத்தி உருமாத்தணும்னா, சாதாரணமாக் கொடுக்க முடியாத அளவு விசை வேணும்னு 2008-ல் கணித முறையில் கணக்கிட்டுச் சொல்லியிருக்காங்க. மசாஜும் உருளையும் சுகமா இருக்கும், கொஞ்ச நேரம் கை கால் இலகுவா நீளும். அவ்வளவுதான். பணம் கட்டறதுக்கு முன்னாடி யோசிங்க.

அப்போ உடம்பை எல்லாத் திசையிலும் இழுத்து, வளைச்சு, துள்ள வைக்கிற பயிற்சிக்கு எங்கே போறது? நம்ம மண்ணிலேயே இருக்கு. வள்ளி கும்மி ஆட்டத்தைக் கவனிச்சுப் பாருங்க. வெறுங்காலில் சின்னத் துள்ளல், இடுப்பைத் திருப்பறது, குனிஞ்சு கைதட்டி நிமிர்றது, பின்னால எட்டு வைக்கிறது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ளே உடம்பு நாலு பக்கமும் போய்வந்துடும். நேராவே ஓடிப் பழகின காலுக்கு இது அவசியம். கோவை மாவட்டத்தின் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிச்சப்போ அவருக்கு வயசு 87. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலையில் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். சிலம்பமும் அப்படித்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாச் சேர்க்கப்பட்டது. கம்பு சுத்தும்போது ஒரு பக்கத் தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரைக்கும் அந்த முதுகு விரிப்பு முழுசா வேலை செய்யும். கயிறு ஏறப்போற தம்பிகளுக்கு நல்ல உதவி.

அரசு தரப்பில் என்ன கிடைக்கும்னு கேட்பீங்க. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கிராம ஊராட்சிகளுக்குன்னே வந்த திட்டம். உங்க ஊராட்சி அலுவலகத்துல கேட்டு வாங்கி விளையாடுங்க, பீரோவில் பூட்டி வைக்கறதுக்குக் கொடுத்ததில்லை. எழுத்துத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரிங்க. வலி வந்தா பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் இயன்முறை சிகிச்சை பத்திக் கேளுங்க. எங்கே போறதுன்னு தெரியலைன்னா 104-க்குப் பேசுங்க. வீட்டில் படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவைங்க.

பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அம்மா கேட்டாங்க: "கண்ணு, எம்பட பொண்ணு கால்ல ஒண்ணும் போடாம ஓடறா, ஓடலாமுங்களா?" மண் தரையில், கொஞ்ச தூரம், சின்ன வயசிலிருந்தே பழக்கம் இருந்தா ஓடலாமுங்கம்மா. பழக்கமில்லாதவங்க ஒரே நாள்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓடக் கூடாது. முதல் வாரம் வெறுங்காலில் 10 நிமிஷம் நடை மட்டும். பொள்ளாச்சி ரோட்டு ஓரம் தார்ல வேண்டவே வேண்டாம், கண்ணாடித் துண்டும் லாரியும் ஜாஸ்தி. காலையில் எழுந்து முதல் எட்டு வைக்கும்போது குதிகால் குத்துச்சுன்னா, அன்னைக்கு ஓட்டம் லீவு. ரெண்டு வாரம் ஆகியும் அந்த வலி போகலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேக ஓட்டத்தை ஆரம்பிக்கறதுக்கு எழுத்துத் தேர்வு முடிவு வர வேண்டியதில்லை. ஸ்கிப்பிங் கயிறை இன்னைக்கு சாயங்காலமே வாங்கிக் கொடுத்துடுங்கம்மா.