ஓசோன் மாடலுக்கு மார்க் போடுவது எப்படி?

"இன்னைக்கு மதியம் வெளியே ஓடப் போகாதீங்க, ஓசோன் அதிகம்"னு ஒரு ஆப் சொல்லுது. அதுக்குப் பின்னாடி இருக்கிற கம்ப்யூட்டர் மாடலை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு விஷயம். தரைக்குப் பக்கத்துல இருக்கிற ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேரா வர்றதில்லை. வண்டிகளும் மின் நிலையங்களும் விடுற நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒரு பக்கம். பெட்ரோல், பெயின்ட், ஏன், மரங்கள்ல இருந்துகூட வர்ற கரிம ஆவிகள் இன்னொரு பக்கம். ரெண்டும் வெயில்ல வினைபுரிஞ்சுதான் ஓசோன் உருவாகுது. அதனால காத்து, வெயில், வேதியியல் மூணையும் மாடல் சேர்த்துக் கணக்குப் போடணும்.

மாடல் சொன்ன சராசரியும் கருவி அளந்த சராசரியும் ஒத்துப்போனா பாஸ்தானே? இல்லை. ராத்திரியில நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னுடும். ஆனா ஒரு மாடல் ராத்திரிக் காத்தை அளவுக்கு மீறிக் கலக்கிட்டா, மேல இருக்கிற ஓசோன் கீழே இறங்கி, கணக்கு கூடிடும். அதே மாடல் மதிய உச்சத்தைக் குறைச்சுக் காட்டலாம். ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி, சராசரி மட்டும் கச்சிதமா வந்து நிக்கும்! ஆனா ஆஸ்துமா இருக்கிற ஒருத்தருக்கு மூச்சு முட்டுறது சராசரியில இல்ல, உச்சத்துல. அதனாலதான் ஒரு நாளோட அதிகபட்ச 8 மணி நேர அளவை எடுத்துச் சோதிக்கிறாங்க. அமெரிக்கா 2015ல வெச்ச வரம்பும் இந்த 8 மணி நேர அளவுக்குத்தான்: 70 பிபிபி. அதாவது, நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு 70 ஓசோன்.

இதைவிடக் கஷ்டமான பரீட்சை ஒண்ணு இருக்கு. "புகையைக் குறைச்சா ஓசோன் எவ்வளவு குறையும்?" அரசாங்கத்துக்கு வேண்டிய பதில் இதுதான்.

நிஜ உதாரணம் பார்ப்போம். கோடையில நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கணும்னு 1998ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கிழக்கு மாநிலங்களுக்கு விதி போட்டுச்சு. அடுத்த சில வருஷத்துல மின் நிலையப் புகை நல்லாவே குறைஞ்சது. அதுக்கு முந்தின கோடையையும் பிந்தின கோடையையும் சிமாக் என்கிற மாடல்ல ஓட்டிப் பார்த்தாங்க. ஓசோன் குறைஞ்சதுன்னு மாடலும் சொன்னது. ஆனா கருவிகள் அளந்த அளவுக்குக் குறைஞ்சதாக் காட்டல.

இது சின்ன விஷயமா? இல்லவே இல்லை. பலனை மாடல் குறைச்சுச் சொன்னா, "இவ்வளவு செலவு பண்ணி இவ்வளவுதானா?"ன்னு ஒரு நல்ல விதியையே கைவிட்டுடலாம். விலை கொடுக்கிறது நம்ம நுரையீரல்.

கணக்குப் பரீட்சையில விடை மட்டும் சரியா இருந்தா போதுமா? வழிமுறைக்கும் மார்க் உண்டுல்ல, அதே மாதிரிதான். அடுத்த தடவை யாராவது "எங்க மாடல் 90 சதவீதம் சரி"ன்னு சொன்னா ரெண்டே கேள்வி கேளுங்க: உச்ச நாள்ல எப்படி? புகை மாறினப்ப எப்படி?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.