சோறும் படுக்கையும் கூலி ஆகுமா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



இன்னைக்கு எபிசோடு ரெண்டு பேருக்கு. ஒருத்தர் ஐடி வேலையிலயோ காலேஜ்லயோ இருக்கிறவர். "ஒரு மாசம் ஏதாவது இயற்கை விவசாயப் பண்ணையில தங்கி வேலை செஞ்சு பார்க்கலாமா"ன்னு யோசிக்கிறார். இன்னொருத்தருக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் தாத்தா விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கர் இருக்கு. "ஆள் கிடைக்கல. தன்னார்வலர்களைத் தங்க வெச்சு வேலையை ஓட்டலாமா"ன்னு அவர் யோசிக்கிறார்.

ரெண்டு பேர் மனசுலயும் கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. ஆனா ரெண்டு பேரும் சந்திக்கிற இடத்துல ஒரு சங்கடமான கேள்வி நிக்குது. சம்பளம் இல்லாம ஒருத்தர் தங்கி வேலை செய்யும்போது, அது எப்போ கொடுக்கல் வாங்கல், எப்போ சுரண்டல்?

எங்கிருந்து வந்தது இந்த யோசனை?

1971, லண்டன். சூ கோப்பர்ட்னு ஒரு செயலாளர். நகரத்துல வேலை பார்க்கிற தன்னைப் போன்றவங்களுக்குக் கிராமத்தையும் இயற்கை விவசாயத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க வழியே இல்லையேன்னு அவருக்கு ஒரு குறை. சசெக்ஸ்ல எமர்சன் கல்லூரியோட பண்ணையில பேசி, ஒரு வார இறுதிக்குச் சில பேரைக் கூட்டிட்டுப் போனார். வேலைக்குப் பதிலா சாப்பாடும் தங்க இடமும். அதுதான் இன்னைக்கு உலகம் முழுக்க 'வூஃப்'னு சொல்ற ஏற்பாட்டோட ஆரம்பம்.

அந்தப் பேரோட கதையே நமக்கு ஒரு பாடம். முதல்ல அது 'வொர்க்கிங் வீக்கெண்ட்ஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்'. அப்புறம் 'வில்லிங் வொர்க்கர்ஸ்' ஆச்சு. 'வொர்க்கர்' என்ற சொல்லாலேயே பல நாடுகளோட குடியுரிமை அதிகாரிகள்கிட்ட சிக்கல் வர, கடைசியில 'வேர்ல்ட் வைட் ஆப்பர்ச்சுனிட்டீஸ்'னு மாத்திக்கிட்டாங்க. வேலையா, விருந்தா, படிப்பாங்கிற குழப்பம் ஆரம்பத்துல இருந்தே கூடவே வருது.

ஆஸ்திரேலியா 2015ல ஒரு முடிவு எடுத்தது. அதுவரைக்கும் பண்ணையில சம்பளமில்லாம தன்னார்வமா செஞ்ச வேலையைக் காட்டியும் இளைஞர்கள் இரண்டாம் வருஷ விசா வாங்க முடிஞ்சது. அதை நிறுத்திட்டு, சம்பளம் வாங்கின வேலை மட்டும்தான் கணக்குன்னு சொல்லிட்டாங்க. காரணம், விசா வேணுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை செஞ்சவங்களைச் சில பண்ணைகள் சுரண்டினதுதான்.

நம்ம பக்கத்துலயும் நல்ல முன்மாதிரிகள் இருக்கு. ஆரோவில் பக்கத்துல சாதனா ஃபாரஸ்ட். 2003ல அவிராம், யோரித் ரோசின் தம்பதி ஆரம்பிச்சது. சுமார் 70 ஏக்கர் வறண்ட நிலத்துல, அங்கேயே தங்கின தன்னார்வலர்கள் உழைப்புல ஒரு காடு வளர்ந்திருக்கு. கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்துல நம்மாழ்வார் ஐயா 2009ல தொடங்கின வானகமும் அப்படித்தான். அங்க போறவங்க தங்கி, மண்ணுல கை வெச்சுத்தான் கத்துக்கிறாங்க. இந்த ரெண்டு இடத்துலயும் நோக்கம் வெளிப்படையா இருக்கு. ஒண்ணு காடு, இன்னொண்ணு பயிற்சி. யாரோ ஒருத்தரோட லாபத்துக்காக யாரும் களை எடுக்கல.

இந்த மண்ணுக்கு இது புதுசு இல்ல

இப்ப நம்ம காரிடாருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால்னு கார், பைக், போன் கம்பெனிங்க வரிசையா நிக்குது. ஊர்ப் பசங்க, பொண்ணுங்க எல்லாம் ஷிஃப்ட் பஸ் ஏறிட்டாங்க. நவரை நடவுக்கு ஆள் தேடி அலையற விவசாயிக்கு "இலவசமா வேலை செய்ய இளைஞர்கள் வர்றாங்க"ன்னு கேட்டா காதுல தேன் பாயத்தான் செய்யும்.

ஆனா 'தங்கி வேலை செய்யறது'ங்கிற சொல்லுக்கு இந்த மண்ணுல ஒரு பழைய அர்த்தம் இருக்கு. படியாள். தானியமா படி அளந்து வாங்கிக்கிட்டு, மிராசுதார் நிலத்துலயே கட்டுப்பட்டுக் கிடந்த ஆள். பெரும்பாலும் தலித் மக்கள். அப்பன் வாங்கின கடனுக்குப் பிள்ளை உழைச்சான். ஸ்ரீபெரும்புதூர் அப்போ செங்கல்பட்டு ஜில்லாவுல இருந்தது. அந்த ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர், 1891ல இந்த மக்களோட நிலைமையை அறிக்கையா எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் வந்த அரசாணையிலதான் பஞ்சமி நில ஒதுக்கீடு ஆரம்பிச்சது.

அது பழைய கதைன்னு நினைக்கிறீங்களா? 2019 ஜூலையில காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்கள்ல மரம் வெட்டற இடங்கள்ல இருந்து 42 பேரைக் கொத்தடிமைத்தனத்துல இருந்து மீட்டாங்க. எல்லாம் இருளர் குடும்பங்கள். வாங்கின முன்பணம் ரொம்பக் கொஞ்சம். அவங்களும் 'வேலை செய்யற இடத்துலயே தங்கினவங்க'தான்.

இன்னொரு பக்கம், 2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான்ல வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. ஒரே அறையில நெருக்கியடிச்சுத் தரையில படுக்கை, தண்ணிக்குத் தட்டுப்பாடுன்னு எல்லாம் அப்போதான் வெளிய வந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்களோட தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 706.50 கோடி ரூபாய் செலவுல, 18,720 பேர் தங்கற குடியிருப்பை அரசு திறந்தது. இவங்க மாசச் சம்பளம் வாங்கறவங்க. அவங்களுக்கே இந்த நிலைமை. ஏன்னா படுக்கையும் சோறும் வேலை கொடுக்கிறவர் கையில போயிட்டா, வாயைத் திறந்து புகார் சொல்றது கஷ்டம். சண்டை போட்டா ராத்திரி எங்க தூங்கறது?

அப்போ கோடு எங்க இருக்கு?

1982ல டெல்லி ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டின தொழிலாளர்கள் சம்பந்தமா உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொல்லுச்சு. நீதிபதி பகவதி எழுதினது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ ஒருத்தர் வேலை செஞ்சா, அரசியல் சாசனத்தோட 23வது பிரிவு தடை செய்யற கட்டாய உழைப்புதான் அது. கட்டாயம்னா சாட்டை மட்டும் இல்ல, பசியும் வறுமையும் கூடக் கட்டாயம்தான்னு நீதிமன்றம் சொன்னது.

இதை மனசுல வெச்சுக்கிட்டா நம்ம கேள்விக்கு ஒரு எளிய சோதனை கிடைக்குது. நாளைக்குக் காலையில "நான் கிளம்பறேன்"னு சொல்லிட்டு அந்த ஆளால போக முடியுமா? போனா அவருக்கு வேற சோறு, வேற கூரை இருக்கா? இருக்குன்னா அவர் தன்னார்வலர். இல்லைன்னா நீங்க என்ன பேர் வெச்சாலும் அவர் தொழிலாளி, கூலி கொடுத்துத்தான் ஆகணும். பெங்களூர்ல வேலையை விட்டுட்டு வந்த இன்ஜினியர் தன்னார்வலரா இருக்கலாம். வேலையில்லாம திண்டாடற பக்கத்து ஊர்ப் பையனை 'வாலண்டியர்'னு சொல்லித் தங்க வைக்கிறது தப்பு.

ரெண்டாவது சோதனையும் இருக்கு. இவர் வரலைன்னா அந்த வேலைக்கு நீங்க கூலி கொடுத்திருப்பீங்களா? ஆமாம்னா, ஊர்ல ஒரு அம்மாவோட கூலி போயிடுச்சுன்னு அர்த்தம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2025-26க்கு நிர்ணயிச்ச கூலியே நாளுக்கு 336 ரூபாய். அந்த வருமானத்தை நம்பியிருக்கிற வீட்டுக்கு நீங்க செய்யற 'எக்ஸ்பீரியன்ஸ்' ஒரு அடி.

அதனால நடவு, களை, அறுப்பு மூணையும் ஊர்க்காரங்களுக்கே விடுங்க. கூலி கொடுங்க. சொல்லப்போனா புதுசா வர்றவர் நடவு நட்டா வரிசையும் நிக்காது, ஆழமும் சரியா வராது. களை எடுக்கச் சொன்னா பயிரையும் சேர்த்துப் பிடுங்குவார். மட்கு குழி, நாற்றங்கால், விதை காயப் போடறது, மரக்கன்னுக்குத் தண்ணி, உயிர்வேலி, கணக்கு எழுதறது, இதெல்லாம் தன்னார்வலருக்கு. களை எடுக்கக் கத்துக்கணும்னா அந்த அம்மாக்கிட்டயே கத்துக்கட்டும். அந்த நாளுக்கு அவங்களுக்குச் சொல்லித் தர்றதுக்கும் சேர்த்துக் கொடுங்க.

தங்க வைக்கிறவங்களுக்கு

இந்த ஏற்பாட்டுல இலவசம்னு எதுவும் இல்ல. மூணு வேளை சமைக்கிறது யாரு? பெரும்பாலும் உங்க அம்மா இல்லைன்னா மனைவி. நாலு பேர் கூடுதலா சாப்பிட்டா அந்த நாலு பேர் உழைப்புக்கும் அவங்கதான் விலை கொடுக்கிறாங்க. முதல்ல அவங்ககிட்ட சம்மதம் கேளுங்க. முடிஞ்சா சமையலுக்கு ஒரு ஆளை வைங்க. பாத்திரம் கழுவறது தன்னார்வலர் வேலைன்னு முதல் நாளே சொல்லுங்க.

எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதிடுங்க. நாளைக்கு அஞ்சு மணி நேரம்னா அஞ்சுதான். வெயில் காலத்துல காலை ஆறுல இருந்து பதினொண்ணு. வாரத்துல ஒன்றரை நாள் லீவு. எந்த வேலை, எத்தனை நாள், என்ன சாப்பாடு, கழிப்பறை எங்க, தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கா, எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியணும். ஆதார், பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்காதீங்க. நகல் போதும். முன்பணம், டெபாசிட்னு எதுவும் வேண்டாம். பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு தெரிஞ்சு வைங்க. பம்புசெட் ஒயரைத் தொட விடாதீங்க.

எல்லாரும் ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே திண்ணை. ஊர்ல இருந்து கூலிக்கு வர்றவங்களுக்கும் அதேதான். சென்னையில இருந்து வந்த பொண்ணுக்கு எவர்சில்வர் டம்ளர், களை எடுக்கிற அம்மாவுக்குப் பேப்பர் கப்புன்னா, நீங்க ரசாயனத்தை மட்டும்தான் விட்டிருக்கீங்க.

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் பணியாளராகவே கருதுது. பத்துப் பேருக்கும் குறைவா வேலை செய்யற இடமா இருந்தா, மாவட்ட அளவுல இருக்கிற புகார்க் குழுகிட்ட நேரா போகலாம். அந்த விவரத்தை அறைச் சுவத்துல ஒட்டி வைங்க.

வெளிநாட்டுக்காரர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும். இ-டூரிஸ்ட் விசாவுல அதிகபட்சம் ஒரு மாசம், பணமோ வேற எந்தப் பிரதிபலனோ இல்லாத தன்னார்வ வேலைக்கு மட்டும்தான் இடம் இருக்கு. சோறும் படுக்கையும் பிரதிபலன் ஆயிடுமான்னு யாராவது கேட்டா? அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே சென்னையில வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல கேட்டுடுங்க.

போறவங்களுக்கு

போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. தினம் எத்தனை மணி நேரம்? எங்க தூங்கணும்? எனக்கு முன்னாடி வந்தவங்க ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமா? பிடிக்கலைன்னா மறுநாளே கிளம்பலாமா? நாலாவது கேள்விக்கு அவர் குரல் மாறினா, போகாதீங்க. முதல்ல ரெண்டு நாள் போய்ப் பாருங்க. திரும்பி வர்ற பஸ் காசை எப்பவும் தனியா வைங்க. வீட்டுல ஒருத்தருக்கு இடத்தோட லொகேஷனை அனுப்புங்க.

இன்னொண்ணு. உங்களுக்கு அங்க ஒரு மாசம் அனுபவம், அங்க இருக்கிறவங்களுக்கு அது பிழைப்பு. உங்களால கிளம்பிப் போக முடியுது. அதே வரப்புல, ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி, போக முடியாம நின்னவங்களோட பேத்திதான் இன்னைக்கு ஷிஃப்ட் பஸ்ல போயிட்டிருக்கலாம். "விவசாயம் பண்ண யாருமே வர மாட்டேங்கிறாங்க"ன்னு அவங்களைப் பார்த்து மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க எதை விட்டுட்டுப் போனாங்கன்னு முதல்ல கேளுங்க.

இப்படி எங்கயாவது தங்கி வேலை செஞ்சிருந்தாலோ, யாரையாவது தங்க வெச்சிருந்தாலோ, நல்லதோ கெட்டதோ, எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.