தேவாங்கு சார்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"தேவாங்கு மாதிரி முழிக்காதேடா" என்று மெஷின் டிராயிங் வகுப்பில் நான் வாங்கிய திட்டு சிலருக்கு ஞாபகம் இருக்கும். திட்டியவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்து சிரிக்கிறார்! அந்தத் தேவாங்கைக் காப்பாற்றுவதுதான் இப்போது என் வேலை. எங்கம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம், "பையன் பம்ப் கம்பெனியிலதான் இருக்கான்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் ஆரம்பமே பம்ப்தான். கோவையில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தபோது, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ராத்திரி மோட்டார் பார்க்கப் போனேன். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில் வந்தால், விவசாயி ராத்திரியில்தானே தண்ணீர் பாய்ச்ச முடியும்? டார்ச் அடித்தேன். கிளுவை வேலிக்குள் இரண்டு நெருப்புத் துண்டுகள். "தேவாங்கு சார், அந்தப் பக்கம் பார்க்காதீங்க, சகுனம் ஆகாது" என்றார் தோட்டக்காரர்.

எடை கால் கிலோ சுமார்தான். பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உபகாரம் செய்கிற பிராணி. அதற்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடாமல் அடுத்த கிளையை எட்டிப் பிடித்துத்தான் போகும். வேலியில் ஓர் இடம் அறுந்தாலும் தரையில் இறங்கியாக வேண்டும். இறங்கினால் நாய், இல்லாவிட்டால் லாரி. போதாக்குறைக்கு மருந்து என்றும் மாந்திரீகம் என்றும் பிடித்துப் போகிறவர்கள் வேறு. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கு அதுதான் முதல் சரணாலயம். ஆனால் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேவாங்குக்குத் தெரியுமா? அது பட்டா நிலத்து வேலியிலும் குடியிருக்கிறது. அங்கே வேலி விவசாயியுடையது. அவர் பிள்ளை படிப்பது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அதனால்தான் பள்ளிகளுக்குப் போனோம்.

முதல் வருஷம் சார்ட், ப்ரொஜெக்டர் எல்லாம் கொண்டுபோனோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், அத்தோடு சரி. பிறகு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்கப்பா மோட்டார் போடப் போகையில தெனம் பாக்குறாரு சார், அவரக் கேக்கலாம்ல?" என்றாள். அன்றிலிருந்து வாத்தியார் மாறிவிட்டார். அப்பாக்கள் பார்த்ததைப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள்: எந்த வேலி, எந்த மரம், எத்தனை மணி. வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது என்பதால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்தோம்.

இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? எல்லா நோட்டையும் சேர்த்து, சிவப்புப் புள்ளிகள் வைத்துப் பெரிய மேப் போட்டேன். பள்ளி வராந்தாவில் மாட்டினேன். வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள், எனக்கும் பெருமைதான்.

ஒரு மாதத்தில், ராத்திரியில் பைக்கில் வெளியாட்கள் வருவதாகப் பேச்சு. அந்தப் பெண்ணின் வேலியில் மூன்று இருந்தன, ஒன்றுதான் மிச்சம். அவள் அழவெல்லாம் இல்லை. "மேப்புல எங்க வேலியும் இருந்துச்சுல்ல சார்?" என்று மட்டும் கேட்டாள். இந்த மேடையில் எனக்குக் கிடைத்த கைதட்டல் எதுவும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

அன்று சாயங்காலமே மேப்பைக் கழற்றினேன். வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். நோட்டுகள் இப்போது தலைமையாசிரியை பீரோவில் இருக்கின்றன. இடங்களைக் காட்டினால்தான் நிதி என்று ஒரு நிறுவனம் சொன்னது. காட்டவில்லை, நிதியும் வரவில்லை. இரண்டு பேருக்குச் சம்பளம் நின்றுபோனது. அதில் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு.

அந்தப் பெண்ணின் அப்பா வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போடுவதாக இருந்தார். "கல்லுக்கால் வாங்கியாச்சு சார், கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்" என்றார். பேசிப் பேசி, ரோட்டோரம் மட்டும் கம்பி, மற்ற மூன்று பக்கமும் கிளுவை என்று முடிவானது. வேலி அறுந்த இடங்களில் பிள்ளைகள் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து நடுகிறார்கள். போத்து ஊன்றினாலே தழைத்துவிடும், செலவும் இல்லை.

பணம் கேட்க வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த இரண்டு பேருக்கும் மறுபடி சம்பளம் கொடுக்க வேண்டும், செயலாளர் அண்ணனிடம் விவரம் கொடுத்திருக்கிறேன். அதோடு ஒரு ராத்திரி வந்து தங்குங்கள். டார்ச் நாங்களே தருகிறோம். எந்தத் தோட்டம் என்று மட்டும் முன்கூட்டிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.