றங்குப் பெட்டியில் கிடைத்த பூதங்கள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மண்டபத்தின் பின்பக்கம் நாங்கள் போட்டிருக்கும் மேசையைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூட விழாவில் பூதத்துக்கு என்ன வேலை?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல எங்கள் வகுப்புக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் தோழியர் சிலருடைய பிள்ளைகள் காட்ஸில்லா பொம்மை சேர்க்கிறார்கள். 1954இல் ஜப்பானில் வந்த படத்தின் பூதம் அது. பழைய பொம்மை பெட்டியோடு கிடைத்தால் விலை எங்கோ போய்விடுமாம். 1932இல் வந்த 'மம்மி' படத்தின் சுவரொட்டி ஒன்று 1997இல் நியூயோர்க்கில் 4 இலட்சத்து 53 ஆயிரம் டொலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது. "ஒரு கடதாசிக்கா இவ்வளவு?" என்று கேட்டுச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் நம்முடைய பூதங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

'பாதாள பைரவி'யின் மந்திரவாதி, 1951. 'மாயா பஜார்' கடோத்கஜன், 1957. இரண்டும் எஸ். வி. ரங்காராவ்தான். பிறகு 1967இல் 'பட்டணத்தில் பூதம்', ஜாவர் சீதாராமனின் ஜீபூம்பா. காமன் கூத்தில் எமனையும் வீரபத்திரரையும் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த நமக்கு இவர்கள் அந்நியர்களாகத் தெரியவில்லை. ஆனால் இவர்களைப் பொம்மையாகச் செய்து நமக்கு விற்க யாரும் வரவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக் கிரீடம் செய்தோம், அடுப்புக் கரியில் மீசை வரைந்தோம். அந்தக் கிரீடத்தில் ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சியது பாட்டுப் புத்தகம்தான்.

இளைய தங்கைமாருக்காகச் சொல்கிறோம்: மலிவான தாளில் சில பக்கம், அட்டையில் படம், உள்ளே கதைச் சுருக்கமும் பாட்டுகளும். கதை நல்ல கட்டத்தில் நின்றுவிடும், மிகுதியை வெள்ளித்திரையில் காண்க என்று. நம்மில் பலருக்கு அந்த மிகுதி கிடைத்ததே இல்லை. ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்க்கிற வாய்ப்பு அண்ணன்மாருக்கு, புத்தகம் நமக்கு. பூதம் கடைசியில் என்ன ஆனது என்பதை லயத்துக்கு லயம் வேறு வேறு விதமாக முடித்து வைத்தோம். அதில் சில முடிவுகள் படத்தைவிட நன்றாக இருந்தன என்று இன்றைக்கும் சொல்வோம். இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது புத்தகத்தை விரித்து வரி வரியாக விரல் வைத்துப் போவோம். எழுத்துக்கூட்டி வாசித்தவர்கள் சரளமாக வாசிக்கப் பழகியது அப்படித்தான். பூதத்துக்கு இங்கே என்ன வேலை என்றால், இதுதான் வேலை.

இவற்றைத் தேடிப் போனபோது முன்பக்கத்தைவிடப் பின்னட்டைதான் எங்களை நிறுத்தியது. பெயர், மேல்கணக்கா கீழ்க்கணக்கா, எத்தனையாம் வகுப்பு, 'எடுத்தவர் திருப்பித் தரவும்' என்று பென்சிலில் ஒரு மிரட்டல். 1964 ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. பிறகு கப்பலேறியவர்கள் றங்குப் பெட்டியில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதும் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் இருந்ததையே கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். ஒரே அட்டையில் மூன்று பேர் பெயர் இருப்பது அதனால்தான். அதில் முதல் பெயர்க்காரி இப்போது கோத்தகிரியிலோ கூடலூரிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும்.

ஒரு வியாபாரி வந்து எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டார். நல்ல விலைதான். ஆனால் அவருக்குப் பெயர் எழுதாத அட்டைதான் வேண்டுமாம், எழுத்து இருந்தால் பாதி விலை. பேச்சு அத்தோடு முடிந்தது.

நுவரெலியாப் பனியில் கடதாசி வைத்துக் காப்பது லேசான காரியமில்லை. பூஞ்சணம் ஒரு பக்கம், இராமபாணப் பூச்சி இன்னொரு பக்கம். தயவுசெய்து செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பூசவும் வேண்டாம். இரும்புக் கிளிப் துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். வெள்ளைத் தாளில் சுற்றி, தரையில் படாமல், காற்றுப் படும் அலுமாரியில் வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் நூல்களோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. நாம் செய்வது வேலையற்ற வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

புத்தகத்தைத் தர மனமில்லாதவர்கள் முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் படமெடுத்து அனுப்பினால் போதும். பின்னட்டையை மறக்க வேண்டாம். எங்களிடம் இருக்கும் 'பட்டணத்தில் பூதம்' புத்தகத்துக்குக் கடைசித் தாள் இல்லை. வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் மேசைப் பக்கம் வாருங்கள்.