அட்டை பத்திரமாக இருந்தால் போதுமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பள உயர்வு பற்றி இம்மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். வாங்கிய சம்பளத்தைக் காப்பது பற்றி இன்று நான் சிறிது பேச விரும்புகிறேன்.

முன்பு ஆபீசில் எண்ணிக் கொடுத்த பணத்தை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்றோ சம்பளம் பேங்குக்குப் போகிறது. நம் கையில் இருப்பது ஓர் அட்டை. கடையில் அதைக் காக்கச் சில்லு இருக்கிறது. 2017 ஜூலை முதல் மலேசியாவில் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண்ணும் வந்துவிட்டது.

ஆனால், தோழர்களே, இணையத்தில் பொருள் வாங்கும்போது அந்தச் சில்லுக்கு வேலையே இல்லை. அட்டையிலுள்ள பதினாறு எண்கள், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று எண்கள், இவைதான் அங்கே சாவி. அட்டை உங்கள் பையிலேயே இருக்கும். பணம் மட்டும் போய்விடும்!

திருடன் எப்படி வருகிறான்? "உங்கள் பார்சல் நிற்கிறது, இரண்டு வெள்ளி கட்டுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். அழுத்தினால் அசல் போலவே ஒரு பக்கம் திறக்கும். பூட்டுக் குறி இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் எழுதுவதை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். அக்கரையில் இருப்பவன் யோக்கியன் என்பதல்ல!

ஆகவே, செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். கடையின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். எந்தக் கடையிலும் அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். பேங்கு அனுப்பும் ஒருமுறை எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்பவனுக்கும் கூடாது. நீங்கள் எதையும் வாங்காதபோது செயலி அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

டெபிட் அட்டையானால் பணம் நேரே சம்பளக் கணக்கிலிருந்தே போகும். இணையத்தில் வாங்குவதில்லையானால் அந்த வசதியை அடைத்துவிடும்படி பேங்கிடம் சொல்லுங்கள். வாங்குவதானால் உச்ச வரம்பைக் குறைத்து வையுங்கள். பால் நிறுக்கும்போது தராசைப் பார்க்கும் நாம், பேங்குக் கணக்கையும் அப்படியே பார்க்க வேண்டாமா?

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படிக்கத் தெரியாத தாய்மார்கள் நம்பிக்கையோடு அட்டையை உங்களிடம் நீட்டுகிறார்கள். அந்த எண்ணை உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுங்கள். அதுவே உண்மையான உதவி. நாளை உங்கள்மீது பழி வராமல் காப்பதும் அதுவே.

இவ்வளவுக்கும் மேலே பணம் போய்விட்டால்? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு இலாபம். உடனே பேங்கை அழைத்து அட்டையை முடக்குங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சாட்சி.

ஏமாந்தவன் குற்றவாளி அல்லன், ஏமாற்றியவனே குற்றவாளி. ஒருவர் வாய் திறந்து சொன்னால், அடுத்த வீட்டார் பிழைப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவிச் சேர்த்த காசு, தோழர்களே! அதை ஒரு செய்திக்குப் பறிகொடுக்கலாகாது.