செல்போனும் நம்ம வீட்டுப் பெரியவங்களும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"வயசான காலத்துல செல்போன் எதுக்கு?" என்று நாமே வீட்டில் சொல்லியிருப்போம். மாமியார் கேம் விளையாடினால் சிரிப்போம். ஆனால் இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் ஆடம் கஸாலி என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவினரும் 'நியூரோரேஸர்' என்று ஒரு வீடியோ கேம் செய்தார்கள். வளைந்து போகும் ரோட்டில் கார் ஓட்ட வேண்டும். நடுவில் பல அடையாளங்கள் வரும். சொன்ன அடையாளம் வந்தால் மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். கண் அடுப்பில், காது குழந்தை மேல் என்று நாம் செய்கிற வேலை மாதிரிதான். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள் ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் பழகினார்கள். பிறகு, ஒரே நேரத்தில் இரண்டையும் கவனிப்பதில், பழகாத 20 வயதுப் பிள்ளைகளையே மிஞ்சினார்கள். 6 மாதம் கழித்தும் அந்தத் திறமை இருந்தது. 2013இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. வயசானால் புதுசாக எதுவும் மண்டையில் ஏறாது என்பது உண்மையில்லை, சகோதரிகளே.

அதுக்காக எல்லா கேமும் மருந்து இல்லை. விளையாடினால் மறதி தள்ளிப்போகும் என்கிற மாதிரி விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற செயலியின் நிறுவனம், அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நம்ம ஊருக்கு வருவோம். 2017இல் மத்திய அரசு கொண்டு வந்து 2024 வரை நடத்திய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 14 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இருந்தது. 60 தாண்டிய அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பென்ஷன் ஏறியதா என்று பார்க்க, வெளியூர் மகன் முகத்தைப் பார்க்க, பேரன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. கேட்டு வரும் போனை நம்பினால், சேர்த்து வைத்த காசும் போய்விடும்.

அதனால் ஒன்று செய்வோம். மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். பெரியவங்களைக் கூட்டி வருவோம். போனை நாம் வாங்கிச் செய்து கொடுக்காமல், அவர்கள் விரலாலேயே செய்ய விடுவோம். முதலில் வீடியோ கால், அப்புறம் பிடித்த ஒரு கேம். பணம் கட்டச் சொல்லும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும். இந்த நம்பரை வீட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

குழு ஆரம்பித்த காலத்தில் கைநாட்டு வைத்தவர்கள் இன்று கையெழுத்துப் போட்டு பேங்குக்குப் போய் வருகிறோம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததால்தானே? அந்தப் பொறுமையை நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் கொடுப்போம்.