பால்வெளியின் நடுவிலிருந்து வரும் எக்ஸ்ரே



ஆடி மாதம். அமாவாசை இரவு. மேகம் இல்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நின்று தெற்கே பாருங்கள். பால் சிந்தியது போல வானத்தில் ஒரு பட்டை தெரியும். அதுதான் பால்வெளி. கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம். நம் சூரியனும் அதில் ஒன்று. தனுசு ராசிப் பக்கம் அதன் நடுப்பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒளி இங்கு வர சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும்.

அந்த நடுவிலிருந்து எக்ஸ்ரே வருகிறது. கை முறிந்தால் திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறார்களே, அதே கதிர்தான். ஆஸ்பத்திரியில் அதற்கு மின்சார இயந்திரம் இருக்கிறது. வானத்தில் எது இருக்கிறது?

கொல்லன் உலையைப் பாருங்கள். இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏறினால் மஞ்சளாகும். பிறகு வெளுக்கும். சூடு கோடி டிகிரி ஆனால்? எந்தப் பொருளும் ஆவியாகிவிடும். அந்த ஆவி எக்ஸ்ரேயை வீசும். அது கண்ணுக்குத் தெரியாது.

பால்வெளியின் நடுவில் ஒரு கருந்துளை உண்டு. பெயர்தான் துளை. உண்மையில் 40 லட்சம் சூரியன்களின் எடை அங்கே நெருக்குண்டு கிடக்கிறது. அதன் இழுப்பிலிருந்து ஒளிகூடத் தப்பாது. அப்படியானால் எக்ஸ்ரே மட்டும் எப்படித் தப்பியது? அது உள்ளேயிருந்து வரவில்லை. சுற்றிலும் உள்ள வாயு சுழன்று சுழன்று உள்ளே விழுகிறது. மை போடாத வண்டி அச்சு போல உரசிச் சூடேறுகிறது. விழுவதற்கு முன்பே எக்ஸ்ரேயை வீசிவிடுகிறது. அக்கம்பக்கத்து விண்மீன்கள் சிலவும் எக்ஸ்ரே வீசுவதுண்டு.

பயம் வேண்டாம். இந்தக் கதிர் தரைக்கு வராது. காற்று தடுத்துவிடும். அதனால்தான் கருவியைக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. 1999இல் அமெரிக்கா 'சந்திரா' என்ற தொலைநோக்கியை அனுப்பியது. சென்னையில் படித்த விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர் அது. 2000ஆம் ஆண்டில் அந்தக் கருந்துளைப் பக்கம் எக்ஸ்ரே திடீரெனச் சுமார் 45 மடங்கு கூடியதைச் சந்திரா பார்த்தது. சில மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28இல் அஸ்ட்ரோசாட் கிளம்பியது. 650 கிலோமீட்டர் உயரம் போனது. 2024 ஜனவரி 1இல் எக்ஸ்போசாட் போனது. வானத்து எக்ஸ்ரேயை ஆராயும் கருவிகள் இரண்டிலும் வைக்கப்பட்டன.

இன்னொரு விந்தை. திருமலை அடிவாரத்தில் நின்று கூவினால், குரல் மலையில் பட்டுச் சற்றுப் பிந்தித் திரும்பும். கருந்துளையின் அருகில் பெரிய வாயு மேகங்கள் உள்ளன. அவையும் எக்ஸ்ரேயில் மின்னுகின்றன. ஆனால் அவை குளிர்ந்த மேகங்கள். பிறகு எப்படி? அமெரிக்காவும் இத்தாலியும் அனுப்பிய செயற்கைக்கோள் ஒன்று இதற்கு விடை தந்தது. 2023இல் அந்த விடை வெளியானது. அந்த எக்ஸ்ரே கருந்துளைப் பக்கமிருந்து வந்து, மேகத்தில் பட்டுத் திரும்புகிறது. நேராக வந்திருந்தால் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருக்கும். இன்று சாதுவாகக் கிடக்கும் கருந்துளை, அப்போது பல லட்சம் மடங்கு பிரகாசமாக எரிந்திருக்கிறது.